மடிக்கணினிக்கு வெளியே வரைகலை அட்டை: லினக்ஸில் அது இயங்கத் தொடங்கிய வரலாறு

மடிக்கணினியின் உடலுக்கு வெளியே தனிப் பெட்டியில் வைத்து, கம்பி வடம் வழியாக இணைத்துப் பயன்படுத்தும் வரைகலைச் செயலிக்கு வெளி வரைகலைச் செயலி என்று பெயர். கணினிப் பயனர்கள் இதைச் சுருக்கமாக இ-ஜிபியு என்பர். மேசைக்கணினியில் பொருத்தும் பெரிய வரைகலை அட்டையை அப்படியே மடிக்கணினிக்குப் பயன்படுத்திக்கொள்ள இது வழிசெய்கிறது. விண்டோஸ் இயங்குதளத்தில் வன்பொருள் நிறுவனங்களே இதற்கான மென்பொருளைத் தருகின்றன. கட்டற்ற இயங்குதளமான லினக்ஸில் இது ஒழுங்காக வேலை செய்யப் பத்தாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. தாமதத்துக்குக் கருவிகளின் குறைபாடு மட்டும் காரணமன்று. வன்பொருள் எப்படி இயங்குகிறது என்ற விவரத்தைத் தர மறுத்த நிறுவனங்களும், ஒன்றோடொன்று பேசாத பல மென்பொருள் அடுக்குகளும் காரணம்.

தமிழ்நாட்டு மாணவருக்கு இந்த வரலாறு அந்நியமானதன்று. அரசு வழங்கிய லட்சக்கணக்கான மடிக்கணினிகளில் லினக்ஸ் இருந்தது. வாங்கிய கருவியை அதன் உரிமையாளர் எவ்வளவு தூரம் தன் விருப்பப்படி பயன்படுத்த முடியும் என்ற கேள்விதான் இரண்டு கதைகளுக்கும் நடுவில் நிற்கிறது.

வரைகலைச் செயலியும் அதன் பாதையும்

கணினியின் மையச் செயலி சிக்கலான வேலைகளை ஒவ்வொன்றாக விரைந்து முடிக்கும். வரைகலைச் செயலி எளிய கணக்குகளை ஆயிரக்கணக்கில் ஒரே நேரத்தில் செய்யும். திரையின் ஒவ்வொரு புள்ளிக்கும் நிறம் கணக்கிடுவது அத்தகைய வேலை. 1999-இல் வெளியான ஜீஃபோர்ஸ் 256 அட்டையை விற்கும்போது என்விடியா நிறுவனம் ஜிபியு என்ற சொல்லைப் பரவலாக்கியது. 2007-இல் அதே நிறுவனம் குடா என்னும் நிரலாக்கத் தளத்தை வெளியிட்ட பின், படம் வரைவதற்கு அப்பாலும் அறிவியல் கணக்கீடு, இயந்திரக் கற்றல் ஆகியவற்றுக்கு இச்செயலி பயன்படத் தொடங்கியது.

வெளி வரைகலைச் செயலியைப் புரிந்துகொள்ளத் திருப்பூர் வட்டாரத்தாருக்கு நல்ல உவமை ஒன்று கையருகே இருக்கிறது. ஒரு பனியன் கம்பெனி எல்லா வேலையையும் தன் கட்டடத்துக்குள்ளேயே செய்வதில்லை. துணி சாயத்துக்கு ஓரிடம் போகும்; பிரிண்டிங்குக்கு இன்னோரிடம் போகும்; எம்பிராய்டரிக்கு வேறோரிடம் போகும். இதை ஜாப் ஒர்க் என்கிறோம். வெளியே இருக்கும் பிரிண்டிங் யூனிட் எவ்வளவு பெரியதாக இருந்தாலும், இடையில் உள்ள சாலை குறுகலாக இருந்தால் வேலை தேங்கும். பிரிண்ட் ஆன துணி தைப்பதற்கு மீண்டும் கம்பெனிக்கே திரும்ப வேண்டுமானால் வண்டி இரு முறை ஓட வேண்டும். வெளி வரைகலைச் செயலியின் நிலையும் இதுவே.

எண்களில் சொன்னால், மேசைக்கணினியில் 16 தடங்கள் கொண்ட பிசிஐ எக்ஸ்பிரஸ் மூன்றாம் தலைமுறை இணைப்பின் வேகம் நொடிக்குச் சுமார் 126 கிகாபிட். தண்டர்போல்ட் 3 வடத்தின் மொத்த வேகம் நொடிக்கு 40 கிகாபிட். அதில் வரைகலை அட்டைக்குக் கிடைக்கும் பங்கு நடைமுறையில் ஏறக்குறைய 22 கிகாபிட் மட்டுமே. ஆகவே எந்த இயங்குதளத்திலும் வெளி அட்டை அதன் முழுத் திறனைக் காட்டாது. வெளி அட்டையிலேயே நேரடியாக ஒரு திரையை இணைத்தால் இழப்பு குறைவு. வரைந்த படத்தை மடிக்கணினியின் சொந்தத் திரைக்கே திருப்பி அனுப்பினால் அதே குறுகிய வடத்தில் இருவழிப் போக்குவரத்து ஏற்பட்டு வேகம் மேலும் குறையும்.

லினக்ஸ் வரைகலையின் தொடக்கம்

லினக்ஸுக்கு முன்பே அதன் வரைகலை அடுக்கு பிறந்துவிட்டது. 1984-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் எக்ஸ் சாளர முறைமை உருவானது. 1991-இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், இயங்குதளத்தின் உட்கருவான கெர்னலை எழுதத் தொடங்கினார். அதன்மேல் எக்ஸ்ஃப்ரீ86 என்ற பெயரில் எக்ஸ் முறைமை ஓடியது. 1993-இல் பிரையன் பால் மெசா என்னும் முப்பரிமாண வரைகலை நூலகத்தைத் தொடங்கினார். இன்றும் லினக்ஸ் வரைகலையின் முதுகெலும்பு மெசாவே.

2004-இல் எக்ஸ்ஃப்ரீ86 தன் உரிம விதிகளை மாற்றியபோது பெரும்பாலான பங்களிப்பாளர்கள் விலகி எக்ஸ்.ஆர்க் என்ற கிளையின் கீழ் திரண்டனர். கட்டற்ற மென்பொருளில் உரிமம் என்பது வெறும் காகிதமன்று என்பதற்கு இந்நிகழ்வு ஒரு சான்று. நிரல் எல்லோருக்கும் பொதுவாக இருந்ததால் ஒரு குழு தவறான முடிவெடுத்தபோது மற்றவர்கள் வேலையைத் தொடர முடிந்தது.

அக்காலத்தில் வரைகலை அட்டையை எக்ஸ் நிரலே நேரடியாகக் கையாண்டது. கெர்னலுக்கு அதில் பங்கு குறைவு. 2009 மார்ச் மாதம் வெளியான கெர்னல் 2.6.29-இல் இன்டெல் வரைகலைக்கான திரை அமைப்புப் பொறுப்பு கெர்னலுக்கு மாறியது. பின்னாளில் ஒரே கணினியில் இரண்டு மூன்று வரைகலைச் செயலிகள் சேர்ந்து இயங்க இந்த மாற்றமே அடித்தளமிட்டது.

இதற்கிடையில் வன்பொருள் நிறுவனங்கள் இரு வேறு வழிகளில் சென்றன. 2007 செப்டம்பரில் ஏ.எம்.டி. நிறுவனம் தன் வரைகலை அட்டைகளின் தொழில்நுட்ப ஆவணங்களைத் திறந்துவிட முன்வந்தது. என்விடியாவோ மூல நிரல் இல்லாத மூடிய இயக்கியை மட்டும் தந்தது. அந்த அட்டைகள் எவ்வாறு நடந்துகொள்கின்றன என்பதை வெளியிலிருந்து கவனித்துக் கவனித்தே தன்னார்வலர்கள் நூவோ என்னும் திறந்த இயக்கியை எழுதினர். அது 2010-இல் கெர்னல் 2.6.33-உடன் சேர்ந்தது.

தமிழ்நாட்டு மடிக்கணினியும் பாஸ் லினக்ஸும்

இதே ஆண்டுகளில் தமிழ்நாட்டில் லினக்ஸ் அரசின் வாசலுக்கு வந்தது. 2005-இல் சென்னையில் கட்டற்ற, திறமூல மென்பொருளுக்கான தேசிய வள மையம் அமைந்தது. சி-டாக் நிறுவனத்தின் சென்னைப் பிரிவும் அண்ணா பல்கலைக்கழகத்தின் ஏ.யு.-கே.பி.சி. ஆய்வு மையமும் இதில் இணைந்து பணியாற்றின. டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு இந்திய மொழி வசதியுடன் உருவாக்கப்பட்ட பாஸ் என்னும் பாரத் இயங்குதளம் 2007 ஜனவரியில் வெளியானது. பள்ளிகளுக்கென எஜுபாஸ் என்னும் பதிப்பும் பின்னர் வந்தது. ஏறக்குறைய இதே காலத்தில், சி. உமாசங்கர் மேலாண்மை இயக்குநராக இருந்தபோது, எல்காட் எனப்படும் தமிழ்நாடு மின்னணு நிறுவனம் தன் அலுவலகக் கணினிகளைச் சூசே லினக்ஸுக்கும் ஓப்பன் ஆபீஸுக்கும் மாற்றியது.

2011 செப்டம்பர் 15 அன்று விலையில்லா மடிக்கணினித் திட்டத்தை அப்போதைய முதலமைச்சர் ஜெ. ஜெயலலிதா தொடங்கிவைத்தார். எல்காட் வழியாகக் கொள்முதல் நடந்தது. அரசு, அரசு உதவி பெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு ஆண்டுதோறும் வழங்கப்பட்டு, மொத்தம் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் வீடுகளுக்குச் சென்றன. அவற்றில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் நிறுவப்பட்டிருந்தது. 2014 ஏப்ரலில் விண்டோஸ் எக்ஸ்பி-க்கான ஆதரவு முடிந்த வேளையில், அரசுத் துறைகளும் பாஸ் இயங்குதளத்துக்கு மாறுமாறு தமிழ்நாடு அரசு அறிவுறுத்தியது.

பாடநூல்களும் இதற்கேற்ப மாறின. மேல்நிலைக் கணினி அறிவியலில் நெடுங்காலம் ஸ்டார் ஆபீஸ் பாடமாக இருந்தது. 2018-இல் வந்த புதிய பதினொன்றாம் வகுப்பு நூல்களில் உபுண்டு லினக்ஸும் ஓப்பன் ஆபீஸும் இடம்பெற்றன. தமிழில் கட்டற்ற மென்பொருளை அறிமுகப்படுத்தும் கணியம் இணைய இதழ் 2012 ஜனவரியில் தொடங்கியது. சென்னை, காஞ்சிபுரம் போன்ற ஊர்களின் லினக்ஸ் பயனர் குழுக்கள் நேரடிக் கூட்டங்கள் நடத்தின.

ஆனாலும் மாணவர்களில் பலர் லினக்ஸ் பகுதியைத் திறக்காமலே விட்டனர். பழக்கமின்மை ஒரு காரணம். வீட்டுக்கு அருகில் சொல்லித்தர ஆளில்லாதது இன்னொரு காரணம். கணினியை வைத்து விளையாட்டு, காணொளித் தொகுப்பு, வடிவமைப்பு எனத் திறன் தேவைப்படும் வேலைக்குப் போகிறவர் முதலில் மோதும் சுவர் வரைகலைதான். அந்த இடத்தில் லினக்ஸ் பலவீனமாக இருந்தது உண்மை.

ஒரே பெட்டிக்குள் இரண்டு செயலிகள்

வெளி அட்டைக்கு முன், மடிக்கணினிக்கு உள்ளேயே சிக்கல் தொடங்கிவிட்டது. 2010 பிப்ரவரியில் என்விடியா ஆப்டிமஸ் என்னும் முறையை அறிவித்தது. சாதாரண வேலைகளை இன்டெல் வரைகலை பார்த்துக்கொள்ளும். கனமான வேலை வந்தால் என்விடியா செயலி விழித்துக்கொள்ளும். அது வரைந்த படம் இன்டெல் வழியாகத் திரைக்குச் செல்லும். மின்கலச் சேமிப்புக்கு நல்ல ஏற்பாடு. ஆனால் லினக்ஸுக்கு என்விடியா இதற்கான ஆதரவைத் தரவில்லை. பணம் கொடுத்து வாங்கிய செயலி பெட்டிக்குள் வெறுமனே சூடேறிக் கிடந்தது.

2011-இல் மார்ட்டின் யூல் என்பவர் தொடங்கிய பம்பிள்பீ திட்டம் முதல் தீர்வைத் தந்தது. கண்ணுக்குத் தெரியாத இரண்டாவது எக்ஸ் சேவையகத்தை என்விடியா செயலியில் ஓட்டி, வரைந்த படத்தை முதன்மைத் திரைக்குப் பிரதியெடுக்கும் வழி இது. அவ்வாண்டில் இத்திட்டத்தின் நிறுவல் நிரலில், கோப்புறையை நீக்கும் கட்டளையில் ஓர் இடைவெளி தவறாக விழுந்துவிட்டது. அதன் விளைவாக, நிறுவியவர்களின் கணினியில் மென்பொருள்கள் குடியிருக்கும் முதன்மைக் கோப்புறையே அழிந்தது. நிரல் எழுதும் மாணவர்களுக்கு ஒரு வெற்றிடத்தின் விலை என்ன என்பதை விளக்க இன்றும் இந்நிகழ்வு எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுகிறது.

2012 ஜூன் மாதம் பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தில் நடந்த கலந்துரையாடலில், ஆப்டிமஸ் பற்றிப் பார்வையாளர் ஒருவர் கேட்ட கேள்விக்கு லினஸ் டோர்வால்ட்ஸ் என்விடியாவை மிகக் கடுமையாகச் சாடினார். அவர் கையாண்ட சொல்லும் சைகையும் உலகச் செய்தியாயின. ஆத்திரத்தின் பின்னே இருந்த குறை எளியது: விவரம் தராமல் ஒத்துழைப்பையும் மறுத்தால், பயனர் வாங்கிய பொருளைப் பயனருக்கு வேலை செய்யவைக்க எவராலும் முடியாது.

அவ்வாண்டிலேயே நிலையான தீர்வும் உருவானது. ஒரு செயலியின் நினைவகத்தில் உள்ள படத்தை இன்னொரு செயலி நேரடியாக எடுத்துக்கொள்ளும் டிஎம்ஏ-பஃப் வசதி கெர்னல் 3.3-இல் வந்தது. ரெட் ஹாட் நிறுவனத்தின் டேவ் ஏர்லி முன்னெடுத்த பிரைம் என்னும் முறை, செப்டம்பரில் வந்த எக்ஸ் சேவையகம் 1.13-இல் இடம்பெற்றது. என்விடியா தன் மூடிய இயக்கியில் பிரைம் வழி வரைதலை முழுமையாக ஏற்க 2019-இன் 435-ஆம் பதிப்பு வரை ஆயிற்று. ஏறக்குறைய ஒன்பது ஆண்டு இடைவெளி. ஒரு மடிக்கணினியின் ஆயுளைவிட இது அதிகம்.

வெளியே கொண்டுவரும் முயற்சிகள்

வரைகலை அட்டையை வெளியே வைக்கும் எண்ணம் 2007 அளவிலேயே தோன்றியது. ஆசுஸ் நிறுவனம் எக்ஸ்பிரஸ்கார்டு துளை வழியாக இணையும் எக்ஸ்.ஜி. ஸ்டேஷன் பெட்டியை அறிவித்தது. 2008-இல் ஏ.எம்.டி. தனி இணைப்பியுடன் எக்ஸ்.ஜி.பி. முறையைக் கொண்டுவந்தது, ஃபியூஜிட்சு சீமென்ஸ் மடிக்கணினி ஒன்றில் அது பயன்பட்டது. 2011-இல் சோனி வயோ இசட் வரிசையிலும் வெளிப் பெட்டி வந்தது. இவை ஒன்றோடொன்று பொருந்தாத தனித்தனி வழிகள் என்பதால் எதுவும் நிலைக்கவில்லை.

அதே காலத்தில் ஆர்வலர்கள் தாமே வழி கண்டனர். எக்ஸ்பிரஸ்கார்டு துளை, வை-ஃபை அட்டை அமரும் சிறு பிசிஐ துளை ஆகியவற்றில் இணைப்பான் பொருத்தி, பழைய மேசைக்கணினியின் மின்வழங்கியைக் கொண்டு அட்டையை இயக்கினர். எக்ஸ்பிரஸ்கார்டு முதல் தலைமுறைத் தடத்தின் வேகம் நொடிக்கு 2.5 கிகாபிட் மட்டுமே. சாலை மிகக் குறுகல். ஆயினும் செலவு குறைவு என்பதால் பழைய கணினிக்கு உயிர் கொடுக்க நினைத்தவர்கள் இதை விரும்பினர். இந்த இணைப்பில் லினக்ஸுக்கு ஒரு நன்மை இருந்தது: கணினி தொடங்கும்போதே அட்டை இணைந்திருந்தால், கெர்னல் அதைச் சாதாரண உள் அட்டையாகவே கண்டது.

2011 பிப்ரவரியில் இன்டெலும் ஆப்பிளும் தண்டர்போல்ட் இணைப்பை அறிமுகப்படுத்தின. பிசிஐ எக்ஸ்பிரஸ் தரவையே வடத்தின் வழியாகக் கடத்தும் பொதுவழி இதனால் கிடைத்தது. 2015-இல் அறிவிக்கப்பட்ட தண்டர்போல்ட் 3, யூ.எஸ்.பி.-சி வடிவ இணைப்பியையே பயன்படுத்தியது. 2016 முதல் ரேசர் கோர் போன்ற பெட்டிகள் கடைக்கு வந்தன. ஆப்பிள் 2018 மார்ச்சில் தன் இயங்குதளத்தில் அதிகாரபூர்வ ஆதரவு தந்தது. ஆனால் 2020-இல் சொந்தச் செயலிக்கு மாறியபோது அப்புதிய கணினிகளில் அதைக் கைவிட்டது. விலை கொடுத்துப் பெட்டி வாங்கியவர்கள் ஒரு நிறுவனத்தின் முடிவுக்குக் கட்டுப்பட வேண்டியிருந்ததற்கு இது அண்மைய சான்று.

தண்டர்போல்ட் லினக்ஸுக்கு வந்த பாதை

ஆப்பிள் கணினிகளுக்கான தண்டர்போல்ட் ஆதரவை ஆண்டிரியாஸ் நோவர் என்பவர் எழுதினார். அது 2014 அக்டோபரில் கெர்னல் 3.17-இல் சேர்ந்தது. பிற கணினிகளுக்கான விரிவான ஆதரவு, இன்டெல் பொறியாளர் மிக்கா வெஸ்டர்பெர்க் பணியால் 2017 செப்டம்பரில் வந்த கெர்னல் 4.13-இல் கிடைத்தது.

இங்கே பாதுகாப்புச் சிக்கல் ஒன்று எழுந்தது. சாதாரண யூ.எஸ்.பி. கருவி கணினியிடம் கேட்டுத்தான் தரவைப் பெறும். பிசிஐ எக்ஸ்பிரஸ் கருவியோ கணினியின் நினைவகத்தை நேரடியாகப் படிக்க வல்லது. விடுதியிலோ நூலகத்திலோ திறந்து கிடக்கும் மடிக்கணினியில் தீய நோக்குள்ள ஒருவர் கருவியைச் செருகினால், கடவுச்சொல் உட்பட எல்லாம் கசியலாம். 2019 பிப்ரவரியில் வெளியான தண்டர்கிளாப் ஆய்வு இந்த ஆபத்தை விளக்கிக் காட்டியது.

இதற்கு லினக்ஸ் இரண்டு பூட்டுகள் போட்டது. ஒன்று, பயனர் அனுமதித்த கருவி மட்டுமே இணையும் முறை. இதைக் கையாள ரெட் ஹாட் நிறுவனத்தின் கிறிஸ்டியன் கெல்னர் போல்ட் என்னும் சேவையை எழுதினார். 2018-இல் ஃபெடோரா 28-இலும், தொடர்ந்து க்னோம் மேசைத்தளத்தின் அமைப்புப் பகுதியிலும் அது இடம்பெற்றது. மற்றொன்று, கருவி தொடக்கூடிய நினைவகப் பகுதிக்கு வேலி போடும் முறை. இது 2019 மார்ச்சில் வந்த கெர்னல் 5.0-இல் தண்டர்போல்ட்டுக்கு நடைமுறையானது. யூ.எஸ்.பி.4 ஆதரவு 2020-இல் கெர்னல் 5.6-இலேயே வந்துவிட்டது. முன்பு பின்தங்கியிருந்த லினக்ஸ் இம்முறை காலத்தோடு வந்து சேர்ந்ததற்கு, இன்டெல் பொறியாளர்களே நேரடியாகக் கெர்னலுக்குப் பங்களித்தது காரணம்.

எஞ்சிய நான்கு தடைகள்

இணைப்பு கிடைத்த பின்னும் படம் திரையில் வருவதற்கு நான்கு தடைகள் இருந்தன.

முதலாவது, முகவரி இடம். கணினி தொடங்கும்போது ஒவ்வொரு கருவிக்கும் முகவரிப் பரப்பு ஒதுக்கப்படும். பிறகு செருகப்படும் வரைகலை அட்டைக்குப் பெரிய பரப்பு வேண்டும். ஒதுக்கி வைக்காவிட்டால் அட்டை கண்ணுக்குத் தெரிந்தும் இயங்காது. தொடக்கத்தில் பயனர்கள் கெர்னலுக்குத் தனிக் கட்டளைகள் கொடுத்துச் சமாளித்தனர். பின்னர் வந்த கெர்னல்கள், செருகு முனைகளுக்கு முன்கூட்டியே இடம் பகிர்ந்தளிக்கக் கற்றுக்கொண்டன.

இரண்டாவது, வடத்தைப் பிடுங்குதல். வரைகலை அட்டை வேலைக்கு நடுவே காணாமல் போகும் என்று எந்த இயக்கியும் எதிர்பார்க்கவில்லை. பிடுங்கினால் கணினி உறைந்தது. என்விடியா இந்த ஆபத்தைக் காரணம் காட்டி, எக்ஸ் சேவையகத்தில் வெளி அட்டைகளை இயல்பாகவே ஒதுக்கிவைத்தது. பயனர் அமைப்புக் கோப்பில் வெளிப்படையாக அனுமதி எழுதினால்தான் இயங்கும். ஏ.எம்.டி. இயக்கியில் நடுவழித் துண்டிப்பைத் தாங்கும் திருத்தங்கள் 2021-இல் கெர்னல் 5.14 காலத்தில் சேர்ந்தன. இன்றும் மென்பொருள்களை மூடிவிட்டுத் துண்டிப்பதே முறை.

மூன்றாவது, முதன்மைச் செயலி எது என்ற குழப்பம். எக்ஸ் சேவையகம் தொடங்கும்போதே அட்டையின் முகவரி எண் அதற்குத் தெரிய வேண்டும். வெளி அட்டை இல்லாத நாளில் அதே அமைப்புக் கோப்பு கரும் திரையைக் காட்டும். ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் அட்டை இருக்கிறதா என்று பார்த்துக் கோப்பை மாற்றும் இ-ஜிபியு ஸ்விட்சர் போன்ற சிறு கருவிகளைத் தன்னார்வலர்கள் எழுதினர். 2008-இல் கிறிஸ்டியன் ஹோக்ஸ்பெர்க் தொடங்கிய வேலாண்ட் முறை எக்ஸுக்கு மாற்றாக வளர்ந்த பின் நிலைமை எளிதானது. க்னோம், கே.டி.இ. இரண்டிலும் எந்தச் செயலி முதன்மை என்பதை ஒரு வரி அமைப்பில் குறிப்பிட முடிகிறது.

நான்காவது, மூடிய இயக்கி. 2014-இன் ஜீஃபோர்ஸ் 900 வரிசை முதல், கையொப்பமிட்ட உள்நிரல் இல்லாமல் செயலியின் வேகத்தை உயர்த்த முடியாதபடி என்விடியா செய்தது. அதனால் திறந்த நூவோ இயக்கி அந்த அட்டைகளை மெதுவாகவே ஓட்டியது. 2022 மே மாதம் அந்நிறுவனம் கெர்னல் பகுதியின் மூல நிரலைத் திறந்தது. 2024 ஜனவரியில் வந்த கெர்னல் 6.7-இல் நூவோவும் புதிய உள்நிரலைப் பயன்படுத்தத் தொடங்கியது. ஏ.எம்.டி. அட்டைகளுக்கோ 2015-இன் கெர்னல் 4.2 முதல் ஏ.எம்.டி.ஜி.பி.யு. இயக்கி உள்ளேயே இருக்கிறது. ஆவணம் திறந்த நிறுவனத்தின் அட்டை செருகியவுடன் இயங்குகிறது. மூடி வைத்த நிறுவனத்தின் அட்டைக்கு இன்றும் தனி நிறுவல் வேண்டும். 2007-இல் எடுத்த ஒரு முடிவின் பலன் பதினைந்து ஆண்டுகள் கழித்துப் பயனர் மேசையில் தெரிகிறது.

பின்னலாடை வட்டாரத்தில் இதன் பொருத்தம்

நொய்யல் கரையில் உள்ள மங்கலம், திருப்பூரின் பின்னலாடைத் தொழிலும் சோமனூர், பல்லடம் பக்கத்து விசைத்தறித் தொழிலும் சந்திக்கும் ஊர். இவ்வட்டாரத்தில் துணியின் அச்சு வடிவம், நிறப் பிரிப்பு, எம்பிராய்டரி வரைவு, பேட்டர்ன் வெட்டு எல்லாம் கணினிக்கு மாறி நெடுநாளாயிற்று. இத்துறையின் வணிக மென்பொருள்கள் பெரும்பாலும் விண்டோஸுக்கே எழுதப்பட்டவை. அவற்றின் உரிமக் கட்டணம் சிறு யூனிட்டுகளுக்குச் சுமை.

கட்டற்ற மாற்றுகள் உள்ளன. கோட்டுவரைவுக்கு இங்க்ஸ்கேப், படத் திருத்தத்துக்கு கிம்ப், எம்பிராய்டரித் தையலுக்கு இங்க்ஸ்கேப்புடன் இணையும் இங்க்ஸ்டிச், ஆடை வெட்டு வரைவுக்கு வாலன்டினா, சீம்லி2டி ஆகியவை லினக்ஸில் ஓடுகின்றன. இவற்றுக்கு வெளி வரைகலைச் செயலி தேவையில்லை. சாதாரண மடிக்கணினி போதும். தேவைப்படும் இடம் முப்பரிமாண மாதிரி. ஆடையைத் தைக்காமலே திரையில் காட்டி வாங்குபவரின் ஒப்புதல் பெறும் வழக்கம் பரவிவருகிறது. பிளெண்டர் மென்பொருளின் சைக்கிள்ஸ் பகுதி 2011 டிசம்பரில் வந்த 2.61 பதிப்பு முதல் வரைகலைச் செயலியைப் பயன்படுத்திப் படம் உருவாக்குகிறது. ஏ.எம்.டி. அட்டைகளுக்கும் லினக்ஸில் இவ்வசதி உண்டு. இத்தகைய வேலையில் காட்சித் தரவு ஒருமுறை அட்டைக்குச் சென்றுவிட்டால் கணக்கீடு முழுதும் அங்கேயே நடக்கும். ஆகவே குறுகிய வடத்தால் ஏற்படும் இழப்பு மிகக் குறைவு. விளையாட்டில்தான் ஒவ்வொரு காட்சிக்கும் தரவு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அங்கே இழப்பு அதிகம்.

இயந்திரக் கற்றலுக்கும் இதுவே பொருந்தும். தமிழ்ப் பேச்சை எழுத்தாக்கும் விஸ்பர் போன்ற திறந்த மாதிரிகளை இணையத்துக்கு அனுப்பாமல் சொந்தக் கணினியிலேயே ஓட்ட விரும்பும் மாணவருக்கு வெளி அட்டை உண்மையான உதவி.

செலவையும் கணக்கில் கொள்ள வேண்டும். பெட்டி, மின்வழங்கி, அட்டை மூன்றையும் சேர்த்தால், பல சமயங்களில் அதே தொகைக்கு ஒரு மேசைக்கணினியே கிடைக்கும். தண்டர்போல்ட் அல்லது யூ.எஸ்.பி.4 முனை இல்லாத மடிக்கணினிக்கு இம்முறை பயன்படாது. முனையின் வடிவம் யூ.எஸ்.பி.-சி என்பதால் மட்டும் அது தண்டர்போல்ட் ஆகிவிடாது. யூ.எஸ்.பி.4-இலும் பிசிஐ கடத்தல் எல்லாக் கணினியிலும் கட்டாயமில்லை. வாங்குமுன் தயாரிப்பாளரின் விவரக் குறிப்பைப் பார்ப்பது நல்லது.

நடைமுறைச் சுருக்கம்

இன்று லினக்ஸில் வெளி அட்டையை அமைக்க விரும்புவோர் பின்வரும் வரிசையைக் கடைப்பிடித்தால் பெரும்பாலான தொல்லைகள் வாரா.

1. கணினியின் அடிப்படை அமைப்பில் தண்டர்போல்ட் இயக்கத்தில் உள்ளதா என்று பார்க்க வேண்டும்.
2. அண்மைய கெர்னலும் மெசாவும் உள்ள லினக்ஸ் வெளியீட்டை நிறுவ வேண்டும்.
3. பெட்டியை இணைத்து, போல்ட் சேவை அல்லது மேசைத்தள அமைப்பின் வழியாக அதற்கு அனுமதி தர வேண்டும்.
4. கருவிப் பட்டியலில் அட்டை தெரிகிறதா, அதற்கு இயக்கி இணைந்துள்ளதா என்று சரிபார்க்க வேண்டும். தெரியாவிட்டால் வடத்தை முதலில் சந்தேகிக்க வேண்டும். நீளமான, தரம் குறைந்த வடங்கள் வேகத்தைப் பாதியாக்கும்.
5. முடிந்தவரை வெளித் திரையை அட்டையிலேயே நேரடியாக இணைக்க வேண்டும்.
6. ஒரே ஒரு மென்பொருளை மட்டும் வெளி அட்டையில் ஓட்டினால் போதுமென்றால் பிரைம் முறையே போதும். முழு மேசைத்தளத்தையும் மாற்றத் தேவையில்லை.
7. கணினி இயங்கும்போது வடத்தைப் பிடுங்கக் கூடாது.

மதிப்பீடு

2025–26 நிதிநிலை அறிக்கையில் தமிழ்நாடு அரசு, இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கைக்கணினி அல்லது மடிக்கணினி வழங்கும் திட்டத்தை அறிவித்தது. கருவி கையில் வருவது முதல் படி. அதற்குள் என்ன நடக்கிறது என்று அறிவதும், தேவை வளரும்போது அதைத் தானே விரிவாக்கிக்கொள்வதும் அடுத்த படி.

வெளி வரைகலைச் செயலியின் லினக்ஸ் வரலாறு அந்த இரண்டாம் படியைப் பற்றியது. ஆவணம் கிடைத்த இடத்தில் வேலை விரைவாக முடிந்தது. கிடைக்காத இடத்தில் தன்னார்வலர்கள் ஆண்டுக்கணக்கில் இருட்டில் தடவி வழி கண்டனர். அவர்கள் எழுதிய நிரல் யாவும் பொதுவில் இருப்பதால், ஒருவர் விட்ட இடத்திலிருந்து இன்னொருவர் தொடர முடிந்தது. சரியாக விளங்காத ஒரு பிழைச்செய்தியைத் தெளிவாகப் பதிந்து அனுப்புவதும், ஒரு வழிமுறையைத் தமிழில் எழுதி வைப்பதும் அத்தொடரில் சேரும் பங்களிப்புகளே. அதற்கு விலையுயர்ந்த அட்டை எதுவும் வேண்டியதில்லை.